கூட்டைச் சுற்றி வேலியா, பருவம் முழுவதும் பாதை அடைப்பா?

கோலாலம்பூரை ஒட்டிய கெமன்சாவிலும் உலு லங்காட்டிலும் வார இறுதியில் ஏ.டி.வி. எனும் நான்கு சக்கர மண்பாதை வண்டி ஓட்டச் செல்வோருள் நம்மவரும் கணிசமானோர். இத்தகைய மண்பாதைகளின் ஓரம் தரையில் முட்டையிடும் பறவைகளைக் காக்க இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன: கண்டறிந்த கூட்டைச் சுற்றி மட்டும் கயிறு கட்டி வண்டிகளை விலக்குவது ஒன்று, இனப்பெருக்கப் பருவம் முழுவதும் அந்தப் பகுதியையே மூடிவிடுவது மற்றொன்று.

முதல் வழி ஓட்டுநர்களுக்கு உகந்தது போலத் தோன்றினாலும், அதன் பலவீனம் முட்டை பொரிந்த பின்னரே வெளிப்படுகிறது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவையின் குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே நடந்து இரை தேடத் தொடங்கிவிடும். ஆபத்து நெருங்கினால் ஓடாமல் தரையோடு பதுங்கும். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் பதுங்கிய குஞ்சை எந்த ஓட்டுநரும் காண முடியாது. அமெரிக்காவின் கேப் ஹேட்டரஸ் கடற்கரையில் 2012இல் நடைமுறைக்கு வந்த விதிகள், உப்புக்கொத்தி எனும் சிறு கரைப்பறவைகளுள் ஒருவகையின் கூட்டுக்கு வண்டிகள் 75 மீட்டர் விலகலையும், பறக்கத் தெரியாத குஞ்சுகளுக்கு 1,000 மீட்டர் விலகலையும் வகுத்ததன் காரணம் இதுவே. பின்னர் கண்காணிப்பைக் கூட்டி, குஞ்சுகளுக்கான தொலைவைக் குறைத்தனர். ஆக, கயிற்று வேலி என்பது நாள்தோறும் ஆள் சென்று பார்த்து நகர்த்த வேண்டிய வேலி. அந்தச் சம்பளத்தை யார் தருவது என்பதைப் பேசாமல் அதனை மலிவான வழி என்று சொல்வது சரியன்று. மேலும், வெள்ளிக்கிழமை ஒரு கூடு கண்டுபிடிக்கப்பட்டால், சனிக்கிழமைக்கு முன்பதிவு வாங்கிய சவாரித் தொழில் நடத்துபவர் என்ன செய்வார்?

இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் வண்டிகள் ஓடும் ஓஷியானோ மணல்மேடுகளில் ஏறக்குறைய 300 ஏக்கர் பரப்பை மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலியிட்டு மூடிவந்தனர். தேதி முன்கூட்டியே தெரிவதால் தொழில் நடத்துவோர் மாற்றுத் தடத்தைத் திட்டமிட முடிகிறது. ஆயினும் நம் நாட்டில் எல்லாப் பறவைகளுக்கும் ஒரே பருவம் இல்லையாதலால், அந்த நாட்காட்டியை அப்படியே இங்கே ஒட்டுவது பொருந்தாது. உள்ளூர்ப் பறவை நோக்குநர்களின் குறிப்புகளைக் கொண்டே மாதங்களை வகுக்க வேண்டும். (பினாங்கின் கெராச்சுட் கடற்கரையில் ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பதைச் சிலர் மாற்றாகச் சுட்டுவர், தாய் அடைகாக்க வேண்டிய பறவை முட்டைக்கு அது உதவாது.)

என் கணிப்பில், குஞ்சு நடக்குமா, கூட்டிலேயே தங்குமா என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். சமதள மணலில் வளை தோண்டும் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் பறவையின் குஞ்சுகள் இறகு முளைத்துப் பறக்கும்வரை வளைக்குள்ளேயே இருப்பதால், வளைகள் உள்ள திட்டைச் சுற்றிக் கயிறு கட்டினால் போதும். ஆள்காட்டி உள்ள திறந்தவெளிக்குப் பருவ அடைப்பே தகும். பக்கி எனும் இரவுப்பறவைக்கு இவ்விரண்டுமே முழுமையாக உதவா. இரவில் பாதையிலேயே அமரும் அப்பறவைக்காக, எந்த வழியைத் தேர்ந்தாலும், இரவுச் சவாரியை நிறுத்தியாக வேண்டும்.