பொக்ஸ்வூட்டுக்குப் பர்லாப் போர்வை: கடையில் கிடைப்பவற்றில் எதை வாங்கலாம்?

ரொறன்ரோ வட்டாரத்தில் வீட்டு முன்றலில் நிற்கும் பொக்ஸ்வூட் என்ற பசுமைமாறாப் புதர்ச்செடி வெறும் குளிரால் சாவது குறைவு. ஒன்ராறியோவின் ஷெரிடன் நேர்சரி உருவாக்கிய கிரீன் வெல்வெட், கிரீன் மவுன்டன் வகைகள் இந்தக் குளிரைத் தாங்கும். அவற்றைக் கெடுப்பது வறட்சிதான். பெப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும்போது இலை நீரை இழக்கிறது. நிலம் உறைந்து கிடப்பதால் வேரால் அதை ஈடுசெய்ய முடிவதில்லை. தெற்கும் மேற்கும் பார்த்த பக்கம் மட்டும் செம்பு நிறமாகக் கருகுவது இதனால்தான். ஆகவே பனிக்காலத்தில் செடியை மறைக்க வாங்கும் பொருள் செடிக்குச் சூடு தருமா என்று பார்க்க வேண்டாம். காற்றையும் வெயிலையும் தணிக்குமா, உள்ளே காற்று போய்வர விடுமா என்று பாருங்கள்.

கடைகளில் மூன்று பொருட்கள் கிடைக்கின்றன. முதலிடம் சணலால் நெய்த பர்லாப் சுருளுக்கே. ஆனால் பர்லாப் என்ற பெயரில் விற்பதெல்லாம் சணல் அல்ல. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சணல் கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். பிளாஸ்ரிக் நூல் உருகி மணிபோல் உருளும். பிளாஸ்ரிக் துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால் வெயில் நாளில் உள்ளே சூடும் ஈரமும் தேங்கும். இரவில் அந்த ஈரம் இலையில் உறையும். அடுத்தது நெசவு. விரல் நுழையும் அளவு தளர்ந்த மலிவுத் துணி தை மாதக் காற்றிலேயே கிழிந்துவிடும். அடர்த்தி 7 முதல் 10 அவுன்ஸ் என்று குறித்திருப்பதை எடுத்தால், கழுவாமல் உதறிக் காயவைத்து மடித்து வைத்து அடுத்த ஆண்டும் பாவிக்கலாம்.

கயிறு இழுத்துக் கட்டும் வெள்ளைப் பைகள் இரண்டாவது. மாட்டுவது சுலபம், அவ்வளவுதான். துணி இலையோடு ஒட்டிக் கிடப்பதால் தொடும் இடமெல்லாம் உறைந்து கருகும். ஈரப்பனி விழுந்தால் பாரம் முழுவதும் கொப்பில் இறங்கும். தொட்டிச் செடிக்கு, அதுவும் உள்ளே குச்சி நட்டு மாட்டினால் மட்டும் சரி. மூன்றாவது, இலையில் தெளிக்கும் மெழுகுப் படலத் திரவம். நாள் செல்லச் செல்லப் படலம் தேய்ந்துபோகும், பனி இல்லாத நாளில் மீண்டும் தெளிக்க வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், பர்லாப்புக்குப் பதிலாகாது. தெளிப்பதானால் உறைநிலைக்கு மேலான பகலில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்து, இருட்டுமுன் காயவிட வேண்டும்.

நல்ல துணியையும் செடியில் நேரே சுற்றினால் காசு வீண். நவம்பர் நடுவில், நிலம் இறுகுமுன், செடியைச் சுற்றி நான்கு மரக்கட்டைகளை ஓரடி ஆழத்துக்கு அடியுங்கள். இலைக்கும் கட்டைக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர் இருக்கட்டும், கட்டை செடியைவிட அதே அளவு உயர்ந்திருக்கட்டும். நாற்புறமும் 4 அடி என்றால் 16 அடித் துணியும், இரு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏற 1 அடியும் தேவை. கட்டையின் வெளிப்பக்கத்தில் ஸ்ரேப்பிளரால் அடிக்கும்போது ஓரத்தை இருமடிப்பாக மடித்து அடியுங்கள். ஒற்றைத் துணியில் அடித்த ஸ்ரேப்பிள் பின் காற்றில் துணியை அறுத்துக்கொண்டு வந்துவிடும். மேற்பக்கம் திறந்தே இருக்கலாம். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் இடமானால் மட்டும், துணிக்குப் பதில் ஒரு பலகையைச் சரிவாக வைத்து மூடுங்கள். தெருவோரச் செடிக்கு வீதிப் பக்கம் இரண்டு அடுக்கு துணி வேண்டும். மாநகர வண்டிகள் தூவும் உப்பு ஈரத்தோடு தெறித்து இலையை எரிக்கும்.

மூடுமுன் இரண்டு வேலைகள். நிலம் உறையும்வரை, மழை இல்லாத கிழமைகளில் வேரடி ஊற நீர் விடுங்கள். பின் 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மரச்சீவலைத் தண்டில் படாமல் பரப்புங்கள். துணியை விட இந்த நீருக்கே பலன் அதிகம். அடுத்து கொப்புகளை விலக்கிப் பாருங்கள். 2018இல் வட அமெரிக்காவில் முதன்முதல் ரொறன்ரோவில் கண்டறியப்பட்ட பொக்ஸ்வூட் அந்துப்பூச்சியின் புழு, இரண்டு இலைகளை நூலால் ஒட்டி அதற்குள் பனிக்காலத்தைக் கழிக்கும். அப்படி ஒட்டிய இலைகளைக் கிள்ளி அழிக்காமல் மூடினால் புழுவையும் சேர்த்துத்தான் காக்கிறீர்கள்.

துணியை அகற்ற மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் முகில் மூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற வெயிலில் திடீரெனத் திறந்தால் பழகாத இலை ஒரே நாளில் வெளிறும். அதிக நாள் விட்டாலும் உள்ளே மெலிந்த தளிர் கிளம்பும். ஓரிரு கொப்பு பழுப்பாக இருந்தால் உடனே வெட்டாதீர்கள். பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் மே நடுப்பகுதிவரை விட்டுவைத்து, துளிர்க்காத பகுதியை மட்டும் பிறகு நறுக்குங்கள்.