பாஸ்டிங், சாப்பிட்ட பின், ஏ1சி: எந்த சுகர் டெஸ்ட் எதற்கு?

பாஸ்டிங் 98, சாப்பிட்ட பின் 190, ஹெச்பிஏ1சி 6.1. இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் வீட்டில் உடனே கட்சி பிரிந்துவிடும். "பாஸ்டிங் நூறுக்குள்ளதானே இருக்கு" என்பார் ஒருவர். "190-ஐ பாருங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சரியான எண்ணைத்தான் படிக்கிறார்கள்.

பாஸ்டிங் என்பது குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருந்து எடுப்பது. 100-க்குக் கீழே இயல்பு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். நடுவில் இருப்பது சர்க்கரை நோயின் முன்நிலை. விலை குறைவு, எந்த லேபிலும் கிடைக்கும். ஆனால் இரவு முழுக்கக் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளியே விட்டது என்பதைத்தான் இது முக்கியமாகக் காட்டும். மதியம் சாப்பிட்ட சோற்றை உடம்பு எப்படிச் சமாளித்தது என்று இதற்குத் தெரியாது.

அதைச் சொல்வது சாப்பிட்ட பின் எடுக்கும் டெஸ்ட். முறைப்படி என்றால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும்: 140-க்குள் இயல்பு, 200 தொட்டால் சர்க்கரை நோய். நடைமுறையில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, "140-க்குள் இருக்கு" என்று நிம்மதியாகிறோம். வழக்கமாக ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் டெஸ்ட் அன்றைக்கு மட்டும் இரண்டோடு நிறுத்தினால் யாரை ஏமாற்றுகிறார்?

ஏ1சி-யிடம் இந்த வேலை நடக்காது. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளப்பது அது. ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கும்; கடைசி மாதத்தின் பங்கு அதிகம். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5 முதல் சர்க்கரை நோய். வெறும் வயிறு தேவையில்லை. 7 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154.

இவ்வளவு நல்ல டெஸ்டுக்கும் ஒரு ஓட்டை உண்டு, அது நம் ஊரில் சின்ன ஓட்டை இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் ஏ1சி-யை மட்டும் படிப்பது அரைகுறை வேலை. சராசரி என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு வேளை 60-க்கு இறங்கி, இன்னொரு வேளை 250-க்கு ஏறுகிறவருக்கும் 7 வரலாம்.

வீட்டு குளுக்கோமீட்டர் அன்றாடக் கவனிப்புக்கு மட்டும். நோய் இருக்கிறதா என்று முடிவுகட்ட அல்ல. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும்.

என் தேர்வு இது. இன்னும் நோய் உறுதியாகாத, மூன்று வேளையும் அரிசி சாப்பிடுகிறவர் பாஸ்டிங்கோடு நிறுத்தாமல் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் டெஸ்டையும் செய்துகொள்ளட்டும். மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏ1சி. கர்ப்பிணிகளுக்கு ஏ1சி போதாது. குளுக்கோஸ் டெஸ்ட்தான், அங்கே இரண்டு மணி நேர அளவு 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.