கியூட் தாள்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம்: கே.கே. நகர் வழிகாட்டல் மையம் பற்றிய மதிப்புரை

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான கியூட் நுழைவுத் தேர்வில் எந்தெந்தத் தாள்களை எழுதுவது என்று முடிவு செய்ய, மதுரை கே.கே. நகரில் உள்ள ஓர் உயர்கல்வி வழிகாட்டல் மையத்துக்கு என் அக்கா மகளை அழைத்துச் சென்றேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அவள் மேலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் பிரிவில் படிப்பவள். பொருளியல் படிக்க ஆசை. தில்லிப் பல்கலைக்கழகத்தையும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தையும் மனத்தில் வைத்திருந்தாள்.

2022இல் தொடங்கிய இத்தேர்வில் 2025 முதல் மொழிகள் 13, கணிதம், பொருளியல் போன்ற துறைப் பாடங்கள் 23, பொதுத் திறனறித் தாள் ஒன்று என மொத்தம் 37 தாள்கள் உள்ளன. ஒருவர் அதிகபட்சம் ஐந்து எழுதலாம். ஒவ்வொரு தாளுக்கும் 60 நிமிடம், 50 கேள்வி. சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். பட்டியலைப் பார்த்ததும் நன்றாக வரும் பாடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு போவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். இவளும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆலோசகர் அந்தப் பட்டியலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எதுல மார்க் வரும்னு அப்புறம் பாப்போம்மா. மொதல்ல எங்க, என்ன படிக்கணும்னு சொல்லு" என்றார். பிறகு ஒரு நீளத்தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பல்கலைக்கழகத்தையும் படிப்பையும், வலப்பக்கம் அந்தப் படிப்பு கேட்கும் தாள்களையும் அவள் கையாலேயே எழுத வைத்து, பொதுவாக வந்தவற்றை வட்டமிடச் சொன்னார். தில்லியில் பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்கு ஒரு மொழித்தாளோடு கணிதமும் கட்டாயம் என்பதும், அவள் எழுதி வந்த பட்டியலில் கணிதமே இல்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தன. இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்த கட்டணம் தகும் என்பது என் கருத்து.

கணிதத்தைப் பற்றி அவர் விளக்கியது மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் எல்லோருக்கும் பயன்படும். நம் வணிகவியல் பிரிவில் இருப்பது வணிகக் கணிதமும் புள்ளியியலும். கியூட்டில் கணிதமும் பயன்பாட்டுக் கணிதமும் ஒரே தாளாக வருகின்றன. முதல் 15 கேள்விகள் இரண்டுக்கும் பொது, அடுத்த 35 கேள்விகளுக்கு இரண்டில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். வணிகக் கணிதம் படித்தவர்களுக்குப் பயன்பாட்டுக் கணிதப் பகுதியே நெருக்கமானது என்று அவர் இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்று கியூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை 2025இல் தளர்த்தியிருந்தாலும், பல்கலைக்கழகத்தின் தகுதி விதி வேறு, தேர்வு விதி வேறு என்பதை வலியுறுத்தி, வணிகக் கணிதம் அந்தப் படிப்புக்கு ஏற்கப்படுமா என்று சேர்க்கைப் பிரிவுக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கச் சொன்னார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முடிவில் ஆங்கிலம், கணிதம், பொருளியல், கணக்குப்பதிவியல் என நான்கு தாள்கள் நின்றன. ஐந்தாவதாகப் பொதுத் திறனறித் தாளையும் எழுதலாமா என்று கேட்டதற்கு, நீளத்தாளில் எழுதிய எந்தப் படிப்பாவது அதைக் கேட்கிறதா என்று அவளையே தேடிப் பார்க்கச் சொன்னார். எதுவும் கேட்கவில்லை, எனவே விட்டுவிட்டோம். 2025 கட்டண விதிப்படி பொதுப் பிரிவினருக்கு மூன்று தாள் வரை ரூ.1,000, அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் ரூ.400. பணத்தைவிட, இன்னொரு பாடத்துக்குச் செலவாகும் நேரம்தான் பெரிது.

குறைகளுக்கு வருகிறேன். வரவேற்பறையில் கொடுத்த அச்சிட்ட கையேட்டில் ஆறு தாள்கள் வரை எழுதலாம் என்ற பழைய விதியே இருந்தது. உள்ளே இவ்வளவு கவனமாக ஆலோசனை சொல்லும் இடத்தில் இது பொறுப்பின்மை. தனியாக அதை மட்டும் நம்பிப் போகும் பிள்ளை என்ன செய்யும்? வெளியே வரும்போது, "பாதுகாப்புக்கு அஞ்சு தாளும் போட்டுருங்க சார், அஞ்சுக்கும் சேர்த்துக் கோச்சிங் இருக்கு" என்று முன்மேசையில் இருந்தவர் சொன்னது, உள்ளே கேட்ட ஆலோசனைக்கு நேர்மாறானது. பயிற்சிக் கட்டணமும் உள்ளே பேசப்படவில்லை.

நாங்கள் பயிற்சியில் சேரவில்லை. துறைப் பாடக் கேள்விகள் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியே வருவதாலும், அந்தப் புத்தகங்கள் அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைப்பதாலும், சமச்சீர் புத்தகத்தில் இல்லாத பகுதிகளை மட்டும் குறித்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளையோ, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் பொறியியல் கலந்தாய்வையோ மட்டும் நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களை நினைப்பவர்கள் விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே போவது நல்லது. பிளஸ் டூ பாடங்களின் பட்டியலையும், விரும்பும் மூன்று நான்கு படிப்புகளின் தகுதி விதிகளை அச்சிட்டும் எடுத்துச் சென்றால், அந்த ஒரு மணி நேரம் முழுவதும் தாள்களைத் தேர்வதற்கே கிடைக்கும்.