வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்: கட்டுப்பாடுதான் இதன் அழகு
2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு வந்தபோது, எந்த அணி, எந்த இனம் எந்தப் பாத்திர வகையை எடுக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது: புனித வீரரான பலாடின் அலையன்ஸ் அணிக்கு மட்டும், இயற்கைச் சக்திகளை அழைக்கும் ஷாமன் எதிரணியான ஹோர்டுக்கு மட்டும். பழைய விளையாட்டையே மீண்டும் தந்த, 2019-ல் வந்த கிளாசிக்கும் அப்படித்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. அதில் குள்ளர் இனப் பிரீஸ்டுக்கு (பூசாரி) மட்டுமே, பயம் தாக்காமல் காக்கும் ‘ஃபியர் வார்டு’ மந்திரம் உண்டு. ஓனிக்சியா டிராகன் கடைசிக் கட்டத்தில் உறுமியதும் எல்லோரும் மிரண்டு சிதறி ஓட, அந்த மந்திரம் பெற்ற டாங்க் (எதிரியின் அடியை முன்னால் நின்று தாங்குபவர்) மட்டும் அசையாமல் நிற்பார் பாருங்கள், குள்ளரைத் தேர்ந்தெடுத்ததற்கு அப்போதுதான் அர்த்தம் புரியும்.

புதிய பதிப்பில் 2022-ல் மேஜ் (மந்திரவாதி), பிரீஸ்ட், ரோக் (மறைந்திருந்து தாக்குபவர்) மூன்றையும் ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் திறந்துவிட்டார்கள், அடுத்த வருடம் பேய்களை ஏவும் வார்லாக்கையும். விளைவு, உடம்பெல்லாம் புனித ஒளி ஏறிய லைட்ஃபோர்ஜ்டு டிரெனாய் இனத்தவர் பேய்களை ஏவிக்கொண்டு திரிகிறார். எனக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் 2010-ல் ஹோர்டு அணியின் மாட்டு உருவ இனமான டாரன்கள் பலாடின் ஆனது வேறு விஷயம். சூரியனிடமிருந்து அவர்களுக்கு அந்தச் சக்தி வருகிறது என்று கதையிலேயே இடம் செய்து கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் எதை வேண்டுமானாலும் திறக்கட்டும், சரி. கதைக்காக விளையாடுகிறவர்கள் கிளாசிக்கில் தொடங்குங்கள்.