ஊட்டியில் 1,240 ரூபாய்க்கு வாங்கிய மூன்று பாட்டில்கள்

போன மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குப் போயிருந்தோம். அம்மா, நான், நாத்தனார், அவளுடைய இரண்டு பிள்ளைகள். திரும்பும்போது குன்னூர் சாலையில் டிரைவர் யாரும் கேட்காமலே ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். "இங்க நேரா ஃபேக்டரி ரேட்டுங்க, வேணும்னா பாத்துட்டு வாங்க" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டிரைவர் தானாக நிறுத்தும் கடையில் நாம் கொடுக்கும் விலைக்குள்ளேயே அவருடைய கமிஷனும் இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சரியான தூக்கமில்லை. லாவெண்டர் எண்ணெயை டிஃப்யூசரில் (தண்ணீரில் சொட்டு எண்ணெய் விட்டால் மணத்தைப் புகை மாதிரி அறையில் பரப்பும் கருவி) போட்டால் தூக்கம் வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி, டிஃப்யூசரும் வாங்கியாகிவிட்டது. எண்ணெய்தான் பாக்கி. ஊட்டியில் வாங்கினால் சுத்தமாக இருக்கும் என்று நானே மனதில் முடிவு கட்டி வைத்திருந்தேன். நீலகிரித் தைலம், அதாவது யூகலிப்டஸ் எண்ணெய், ஊட்டியின் பொருள், சரி. லாவெண்டருக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நம் நாட்டில் லாவெண்டர் பெரிய அளவில் பயிராவது ஜம்மு காஷ்மீரில், தோடா மாவட்டத்துப் பதர்வா பக்கம்.

கடைப் பையன் நல்லவன் மாதிரிதான் பேசினான். "அக்கா, கலப்படம்னு சந்தேகம் இருந்தா நானே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்" என்று மூன்று வித்தை செய்தான். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு விசிறினான். கொஞ்ச நேரத்தில் கறையே இல்லை. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டான், மிதந்தது. "கலப்படம்னா கலந்துடும்க்கா." கடைசியாகத் தெர்மோகோல் துண்டில் விட்டான், சர்ரென்று ஓட்டை விழுந்தது. "பவர் பாத்தீங்களா?" நாத்தனாரின் பையன் கை தட்டினான். நானும் மனதுக்குள் தட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீலகிரித் தைலம் 100 மி.லி. 340 ரூபாய், லாவெண்டர் 30 மி.லி. 500, சந்தன எண்ணெய் 10 மி.லி. 400. மொத்தம் 1,240. பில் கேட்டதற்குத் துண்டுத் தாளில் 'தைலம் வகை – 1,240' என்று எழுதிக் கொடுத்தான். கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. மழை தூறியதால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் நாள் டிஃப்யூசரில் லாவெண்டர் ஐந்து சொட்டு. அறை முழுக்க மணம். ஆனால் அந்த மணம் போகவே இல்லை. அம்மாவின் தலையணை உறையில் வைத்த இரண்டு சொட்டு மூன்றாம் நாளும் அதே வேகத்தில் அடித்தது. நாலாம் நாள் அம்மாவின் கழுத்தில் சிவப்புத் தடிப்பு. இதில் என் தப்பும் உண்டு. "நேரடியாவே தடவலாம்க்கா, சுத்தமான சரக்கு" என்று கடைப் பையன் சொன்னதை நம்பி, எதிலும் கலக்காமல் கழுத்தோரம் தடவிவிட்டேன். அசல் லாவெண்டராக இருந்தாலும் அப்படித் தடவக் கூடாது. 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ பன்னிரண்டு சொட்டு போதும். அது ஏறக்குறைய 2 சதவீதம். பழைய லாவெண்டர் காற்றுபட்டு ஆக்சிஜன் ஏறினாலே தோல் ஒவ்வாமை வரலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சித்தி மகன் கொச்சியில் மசாலாப் பொருள்களிலிருந்து எண்ணெய் எடுக்கும் நிறுவனத்தில் ஆய்வகத்தில் இருக்கிறான். பாட்டில்களின் படத்தை அனுப்பினேன். அவன் லேபிளைப் பார்த்தே சிரித்தான். "அக்கா, மூணு பாட்டில்லயும் ஒரே பேட்ச் நம்பர் போட்டிருக்கே, பாக்கலையா?" நான் பார்க்கவில்லை. சந்தனமும் லாவெண்டரும் யூகலிப்டஸும் ஒரே நாளில் ஒரே அண்டாவில் பிறந்திருக்கின்றன.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப்போய், ஓய்வு நேரத்தில் ஜி.சி.எம்.எஸ். கருவியில் ஓட்டிப் பார்த்தான். அந்தக் கருவி எண்ணெயைக் கூறு கூறாகப் பிரித்து, எது எவ்வளவு என்று வரைபடத்தில் மேடு மேடாகக் காட்டும். அசல் லாவெண்டரில் லினலூல், லினலைல் அசிடேட் என்று இரண்டு பெரிய மலைகளும், அவற்றைச் சுற்றி லாவண்டுலைல் அசிடேட், ஓசிமீன் என்று சின்னச் சின்னக் குன்றுகளும் இருக்குமாம். என் பாட்டிலில் அந்த இரண்டு மலைகள் இருந்தன, குன்றுகள் இல்லை. அதாவது தொழிற்சாலையில் செய்த லினலூலையும் அசிடேட்டையும் கலந்திருக்கிறார்கள். அவற்றையும் விடப் பெரிதாக இன்னொரு மலை நின்றது: டைஎதைல் தாலேட். ஊதுபத்தி, செண்ட் தொழிலில் வாசனையை நீர்க்கச் செய்ய ஊற்றும், மணமே இல்லாத திரவம். பாட்டிலில் பாதிக்கு மேல் அதுதான். சீக்கிரம் ஆவியாகாத அந்தச் சரக்கு மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தலையணை உறை மூன்று நாள் மணத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சந்தனத்தில் சாண்டலால் என்ற கூறு துளியும் இல்லை. அசல் சந்தன எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். இதற்குக் கருவியே தேவையில்லை, கணக்கு போட்டாலே போதும் என்றான். நம் ஊர்ச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சத்துக்குக் குறையாது. 10 மி.லி. என்பது ஏறக்குறைய 9.7 கிராம். சரக்கு விலையே ஆயிரத்தை நெருங்குகிறது. பாட்டில், மூடி, கடை வாடகை, டிரைவர் கமிஷன் எல்லாம் தனி. அதை எனக்கு 400 ரூபாய்க்குக் கொடுத்தானாம்! பத்தாம் வகுப்புக் கணக்கு. செய்யாமல் விட்டேன்.

நியாயமாகச் சொன்னால் தைலம் மோசமில்லை. தைலத்தின் முக்கியக் கூறான சினியோல் 80 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பிய மருந்துத் தர நூல் கேட்பதே குறைந்தது 70தான். ஆனால் குளோபுலஸ் என்ற யூகலிப்டஸ் வகையின் இலையைக் காய்ச்சினால் கடைசியில் வர வேண்டிய அரோமாடென்ட்ரீன், குளோபுலால் போன்ற கனமான கூறுகள் இல்லை. மறுபடி காய்ச்சிச் சுத்திகரித்த தைலமாக இருக்கலாம், இல்லை சீனத்துக் கற்பூர மரத்து எண்ணெயிலிருந்து பிரித்த சினியோலாகவும் இருக்கலாம் என்றான். நீலகிரியில் யூகலிப்டஸையே கற்பூர மரம் என்பார்கள். தம்பி சொன்னது அது அல்ல, நிஜமாகவே கற்பூரம் எடுக்கும் மரம். சளிக்கு ஆவி பிடிக்க இந்தத் தைலம் போதும். 'ஊட்டியில் காய்ச்சியது' என்ற வார்த்தைக்குத்தான் நான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறேன். யூகலிப்டஸ் மரமே ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது என்பது வேறு கதை.

அந்த மூன்று வித்தைகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மூன்றையும் கடைப் பையன் தைலப் பாட்டிலில்தான் செய்தான். நன்றாக இருந்த ஒரே பாட்டிலில்! லாவெண்டரிலும் சந்தனத்திலும் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் நானே தாளில் லாவெண்டரை விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் பசை மாதிரிக் கறை நின்றது. ஆனால் இந்தத் தாள் சோதனையையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். தேங்காய் எண்ணெய் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். செயற்கை லினலூலை மட்டும் ஊற்றியிருந்தால் கறையில்லாமல் பறந்துவிடும், நாமும் பாஸ் போட்டுவிடுவோம். அசல் சந்தனமும் வெட்டிவேரும் கனமானவை என்பதால் கறை விடும், அவற்றைக் கலப்படம் என்று தூக்கி எறிவோம். தண்ணீரில் மிதப்பது எதற்குமே சாட்சி இல்லை. தேங்காய் எண்ணெய் மிதக்கிறது, மண்ணெண்ணெய் மிதக்கிறது. அசல் கிராம்பு எண்ணெய் மூழ்கிவிடும். தெர்மோகோலைப் பெட்ரோலும் கரைக்கும்.

சரி, தம்பி சொன்னதை வைத்து லேபிளை மறுபடி உட்கார்ந்து படித்தேன். பெரிய எழுத்தில் '100% தூய்மையானது', தங்க நிற முத்திரைக்குள் 'தெரப்யூட்டிக் கிரேடு'. அப்படி ஒரு தரத்தை எந்த அரசு அமைப்பும் தருவதில்லை. விற்பவர் தானே அச்சடித்துக்கொள்வது. இருக்க வேண்டியதில் பலவும் இல்லை. செடியின் தாவரவியல் பெயர் இல்லை. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. அசல் லாவெண்டரான லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா ஒன்று, விலை குறைந்த கலப்பினமான லாவண்டின் இன்னொன்று. லாவண்டினில் கற்பூர வாடை கூடுதல், தூக்கத்துக்கென்று வாங்குபவருக்கு அது தோதுப்படாது. யூகலிப்டஸிலும் குளோபுலஸ் சளித் தைலம். சிட்ரியோடோரா எலுமிச்சை வாசம் வீசுவது, அதில் சினியோல் சொற்பம். பெயர் இல்லையென்றால் எது உள்ளே இருந்தாலும் 'நான் பொய் சொல்லவில்லையே' என்று கடைக்காரர் கை விரிக்கலாம்.

தயாரிப்பாளர் முகவரி என்ற இடத்தில் 'நீலகிரி' என்று மட்டும் இருந்தது. ஒரு மாவட்டமே முகவரி! பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, அளவு, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு எல்லாம் இருந்தாக வேண்டும்.

புகார் எண் இருந்தது, அதில் கூப்பிட்டேன். எடுத்தவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "மேடம், அந்த விலை ஸ்டிக்கர எடுத்துப் பாருங்க. அடியில ஃப்ராக்ரன்ஸ் ஆயில்னு போட்டிருக்கும். நாங்க எசென்ஷியல்னு சொல்லவே இல்லையே." எசென்ஷியல் ஆயில் என்றால் செடியிலிருந்தே எடுத்தது, ஃப்ராக்ரன்ஸ் ஆயில் என்றால் செயற்கை வாசனையும் கலக்கலாம். நகத்தால் சுரண்டி எடுத்தேன். லாவெண்டர் பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கிறது, 'வாசனை எண்ணெய் – வெளி உபயோகத்துக்கு மட்டும்'. சரியாக அந்த வரியின் மேல் விலை ஸ்டிக்கர். அடியில் அச்சிட்டிருந்த விலை 220. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டினாலும் அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது என்பதுதான் விதி. இவர்கள் கூட்டி ஒட்டியிருக்கிறார்கள். கடையில் நின்றபோதே சுரண்டியிருந்தால் 1,240 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் வாங்கும் முறை மாறியிருக்கிறது. தாவரவியல் பெயர், செடியின் எந்தப் பாகம், எந்த நாடு, பேட்ச் எண், இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் பாட்டிலைக் கையில் எடுப்பதில்லை. இணையத்தில் வாங்கினால் அந்த பேட்சுக்குரிய ஜி.சி. அறிக்கை (தம்பி செய்தது போலக் கூறுகளைப் பிரித்துப் பார்த்த அறிக்கை) கேட்கிறேன், பொதுவாக ஒரு 'மாதிரி அறிக்கை' அனுப்பினால் விட்டுவிடுகிறேன். (அறிக்கையும் வேதவாக்கு இல்லை. செயற்கை லினலூலைக் கெட்டிக்காரத்தனமாகக் கலந்தால் சாதாரண அறிக்கையில் தப்பிவிடும். அதைப் பிடிக்க வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்க்கும் தனிச் சோதனை உண்டு.) ஒரே கடையில் ரோஜா, சந்தனம், லாவெண்டர், எலுமிச்சை எல்லாம் ஒரே விலை என்றால் அங்கே நிற்பதே வீண். எலுமிச்சை, தோல் பிழிந்து எடுப்பது. ரோஜா, ஒரு கிலோ எண்ணெய்க்கு டன் கணக்கில் பூ கேட்பது. இரண்டும் எப்படி ஒரே விலைக்கு வரும்? பாட்டில் கரும்பழுப்பு போன்ற அடர்நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதையும் பார்க்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது; என்னை ஏமாற்றியவர்களும் அழகான கண்ணாடி பாட்டிலில்தான் கொடுத்தார்கள்.

ஊட்டிக் கடைகளில் இன்னொன்றும் விற்கிறார்கள், விண்டர்கிரீன் எண்ணெய், மூட்டு வலிக்கு. நாத்தனார் வாங்கப் பார்த்தாள், நான் ஏனோ தடுத்தேன், நல்லவேளை. அசலோ செயற்கையோ, அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் இனத்து வேதிப்பொருள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சின்னப் பிள்ளை ஒரு வாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நான் பார்த்த பாட்டிலுக்குச் சாதாரணத் திருகு மூடி, சொட்டுச் சொட்டாக விடும் அடைப்புகூட இல்லை, எச்சரிக்கையாக ஒரு வரியும் இல்லை. தைலமும் அப்படித்தான், உள்ளே போனால் வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதை நம் வீடுகளில் இன்னும் விடவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். முதல் கேள்வியே பில். அந்தத் துண்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். கடைப் பெயர் இல்லாத தாளை வைத்து என்ன செய்ய முடியும் என்று அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. ஸ்டிக்கர் விஷயத்தைத் தொழிலாளர் துறையில் இருக்கும் எடையளவுப் பிரிவுக்குத் தனியாக எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன். கடையிலிருந்தும் ஒரு தடவை கூப்பிட்டார்கள். பாட்டில்களைத் திருப்பி அனுப்பினால் 'வேறு லாவெண்டர்' தருகிறார்களாம். அனுப்பவில்லை. பாதி சுரண்டிய ஸ்டிக்கரோடு மூன்றும் பீரோவில் இருக்கின்றன. டிஃப்யூசரில் அம்மா இப்போது வெறும் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள், அந்தப் புகை பார்க்க நன்றாக இருக்கிறதாம்.