க்ளோஃபாசிமின் பொடி: மேக்ரோஃபேஜுக்குள் படிகம் பார்க்க ஏற்றதா?

தொழுநோய்க்கான பழைய மருந்துதான். ஆனால் மேக்ரோஃபேஜின் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) லைசோசோமுக்குள் (செல்லுக்குள் இருக்கும் அமிலப் பை) குளோரைடோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரைடு உப்புப் படிகமாக அடுக்குவதைக் காட்ட, இதைவிடத் தோதான மூலக்கூறு கிடைப்பது கஷ்டம். நிறமே அடர் சிவப்பு. கையுறை, பிப்பெட் நுனி எல்லாவற்றிலும் ஒட்டும்.

கரைப்பதில்தான் பாடாய்ப் படுத்தும். ஒரு மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ கரைப்பானுக்கு 0.95 மில்லிகிராம் (2 மில்லிமோலார்) போதும். 37 டிகிரியில் சூடேற்றி, சோனிக்கேட்டரில் (ஒலியலையால் கரைக்க உதவும் கருவி) வையுங்கள். செல் வளர்ப்பு ஊடகத்தில் 400 மடங்கு நீர்த்தால் 5 மைக்ரோமோலார். அளவை ஏற்றினால் வளர்ப்புத் தட்டின் கிணற்றின் (குழியின்) அடியில் சிவந்த ஊசிகள் விழும். அது வெறும் வீழ்படிவு, செல் கட்டியதல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான். செல் இல்லாத கிணறு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். பாஃபிலோமைசின் கொடுத்து லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்த கிணறும் வேண்டும்.

ஒளிர்வு நுண்ணோக்கியின் சை5 (அடர் சிவப்பு) சானலில் ஒளிர்வது உப்பு, எஃப்ஐடிசியில் (பச்சை) தெரிவது கட்டற்ற காரம் (உப்பாக மாறாத மருந்து). இரண்டையும் சேர்த்துப் படமெடுக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

ஒரே குறை, வளர்ப்புத் தட்டில் பெரிய படிகம் எதிர்பார்க்க முடியாது. எலிக்குத் தீவனத்தில் 8 வாரம் கொடுத்தால் கல்லீரலின் குப்ஃபர் செல்களிலும் (அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள்) மண்ணீரலிலும் நன்றாகத் தெரியும்.