லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் என் லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. அதே வாரம் சித்தப்பா மகளுக்கு அவள் கல்யாண வீடியோக்களைக் கொடுத்தாக வேண்டும், அவை இருந்ததோ இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டில் (விண்டோஸுக்குப் பதில் நான் வைத்திருக்கும் லினக்ஸ், கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருந்த என் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் புது டிஸ்க் வாங்கி, "தம்பி, பழசு லினக்ஸ் டிஸ்க், விண்டோஸில் திறக்காது, லைவ் யுஎஸ்பி போட்டுக் காப்பி பண்ணுங்க" என்று (லைவ் யுஎஸ்பி என்றால் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தேன். "டெய்லி பண்றதுதான் சார்" என்றார். மதியம் 2 மணி.

ஆறு மணிக்குப் போனால், "டிஸ்க் கரப்ட் சார், உள்ள ஒண்ணுமே இல்ல, ரெக்கவரிக்கு 9,000 ஆகும், கேரண்டி கிடையாது." செக்கிங் சார்ஜ் 500 வேறு. பதற்றத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நண்பனின் உபுண்டு (அதுவும் லினக்ஸ்தான்) லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால் டிஸ்க் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸின் ஃபார்மேட், என்று காட்டுகிறது! உள்ளே 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று விண்டோஸ் உருவாக்கும் ஒரே ஃபோல்டர், அதன் நேரம் அன்று மதியம் 2.47. விண்டோஸ் வாடையே படாத டிஸ்க் அது. இஎக்ஸ்டி4-ஐ விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, செருகியதும் 'ஃபார்மேட் செய்யலாமா?' என்று ஒரு பெட்டி வரும், அதில் தட்டிவிட்டிருக்கிறார். தட்டியது கூடப் போகட்டும், அதை மறைத்து என்னிடமே 9,000 கேட்டதுதான் எரிகிறது.

நல்லவேளை, அது க்விக் ஃபார்மேட், பழைய தரவை முழுக்க அழிக்காது. இஎக்ஸ்டி4-இன் முதல் சூப்பர்பிளாக் (ஃபார்மேட்டின் அமைப்பைக் குறித்து வைத்திருக்கும் பகுதி) பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) தொடக்கத்திலிருந்து 1,024 பைட் தள்ளி இருக்கும், என்டிஎஃப்எஸ் எழுதும் பூட் பகுதி முதல் 8 கேபியைப் பிடித்துக்கொள்வதால் அது காலி. ஆனால் அதற்கு நகல்கள் உண்டு, டிஸ்க் 4 கேபி பிளாக்குகளாக (துண்டுகளாக)ப் பிரிந்திருந்தால் முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலை வைத்து முழு டிஸ்க்கையும் அந்தப் புது டிஸ்க்குக்குப் படி எடுத்து (இதைச் செய்யாமல் அசல் மேல் கை வைக்காதீர்கள்), படியின் மேல் அந்த நகலைக் காட்டி எஃப்எஸ்செக் என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினேன். ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது. இரண்டு வீடியோ மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது, சில கோப்புகள் பெயர் போய் வெறும் எண்ணோடு லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன.

இனி அடுத்தவர் கைக்குப் போகிற டிஸ்க் எல்லாம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் படிக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்தான், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே 5.4-இலிருந்து, அதாவது 2019 முதல், அதற்கு ஆதரவு இருக்கிறது. ஜர்னலிங் (எழுதும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பது) கிடையாது, எஜெக்ட் பண்ணாமல் பிடுங்கினால் வம்பு, சரி, அதைப் பார்த்துக்கொள்ளலாம். இஎக்ஸ்டி4 டிஸ்க்கையே விண்டோஸ் 11-இல் திறந்தாக வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் 2-இன் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) மவுண்ட் கட்டளை இருக்கிறது, ஆனால் அதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

500-ஐத் திரும்பக் கேட்கப் போனபோது அந்த 2.47-ஐ ஃபோனில் படம் எடுத்துக் காட்டினேன். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "விண்டோஸே தானா பண்ணிக்கிச்சு போல சார்" என்றார்.